பாலஸ்தீனப் பெண்கள் இயக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஸாவைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் திரையில் ஒரு பெண் அழுதுகொண்டிருப்பார். அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். அந்த அழுகை உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணின் பாட்டி 1930களில் மலையில் இருந்த போராளிகளுக்குத் தண்ணீர் சுமந்திருக்கலாம், அம்மா 1988இல் பள்ளிகளை இராணுவம் பூட்டியபோது வீட்டு முன்னறையில் வகுப்பு நடத்தியிருக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

பாலஸ்தீனத்தில் பெண்கள் அமைப்பாகத் திரண்டது எப்போது?

உஸ்மானிய ஆட்சியின் கடைசிக் காலத்திலேயே சில ஊர்களில் பெண்கள் நடத்திய தர்ம சங்கங்கள் இருந்தன. ஏழைப் பெண் குழந்தைகளைப் படிக்கவைப்பது, கல்யாணத்துக்கு உதவுவது மாதிரியான வேலைகள். அரசியல் என்று சொல்லத்தக்க திருப்பம், நாடு பிரிட்டிஷ் ஆட்சிக்குக் கீழே இருந்த 1929இல் வந்தது. அந்த ஆகஸ்டில் ஜெருசலேமின் மேற்குச் சுவர் தகராறு பெரிய கலவரமாகி யூதர்களும் அரபுகளும் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அதற்குப் பிறகு அரபுகள்மேல் வழக்குகளும் தண்டனைகளும் குவிந்தன. அக்டோபர் 26ஆம் தேதி 200க்கும் அதிகமான பெண்கள் ஜெருசலேமில் கூடி முதல் அரபுப் பெண்கள் மாநாட்டை நடத்தினார்கள். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைக்க உதவுவதாக பிரிட்டன் 1917இல் தந்த பால்ஃபர் பிரகடனத்தை ரத்து செய்ய வேண்டும் என்பது முக்கியமான தீர்மானம். மாநாடு முடிந்ததும் ஒரு தூதுக்குழு பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஜான் சான்சலரை நேரில் பார்த்து அதைக் கொடுத்தது.

ஊர்வலமாக நடந்து போக அரசு விடவில்லை. சரி, கார்களில் போகிறோம் என்று வரிசையாகக் கார்களை ஓட்டிக்கொண்டு நகரத்தைச் சுற்றி, வெளிநாட்டுத் தூதரகங்களின் முன்னால் நின்று மனு கொடுத்தார்கள். வீட்டுக்கு வெளியே முகம் காட்டாத குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1933 பற்றி ஒரு கதை சொல்வார்களே, அது உண்மையா?

உண்மை. அந்த ஏப்ரலில், 1917இல் ஜெருசலேமைக் கைப்பற்றிய அதே ஜெனரல் அலன்பி, ஒய்எம்சிஏ கட்டடத் திறப்புக்காக மறுபடி அங்கே வந்தார். பெண்கள் அதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். முதலில் உமர் மசூதி. அங்கே பிரசங்க மேடையிலிருந்து பேசியவர் மாதில் முகன்னம், கிறிஸ்தவர். பிறகு இயேசுவின் கல்லறை இருக்கிற புனிதக் கல்லறைத் தேவாலயம். அங்கே பேசியவர் தரப் அப்துல் ஹாதி, முஸ்லிம். இது தற்செயலாக அமைந்தது இல்லை, வேண்டுமென்றே செய்தார்கள். எங்களை மதமாகப் பிரித்துப் பேசாதே என்று ஆட்சியாளர்களிடம் சொல்வதற்கு இதைவிட நேரான வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆண் தலைவர்கள் அந்தச் சமயத்தில் குடும்பம் குடும்பமாகப் பிரிந்து, ஹுசைனி கட்சி, நஷாஷிபி கட்சி என்று ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவர்கள் எல்லாம் வசதியான வீட்டுப் பெண்கள்தானே?

ஆமாம், பெரும்பாலும். தலைவர்களின் மனைவிகள், வக்கீல்களின் மனைவிகள், மிஷன் பள்ளியில் படித்தவர்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

1936இல் ஆறு மாதப் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அதோடு ஆரம்பித்து 1939 வரை நீடித்த, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான பெரும் கிளர்ச்சி பெரும்பாலும் கிராமங்களில் நடந்தது. மலைகளில் ஒளிந்திருந்த போராளிகளுக்குச் சோறும் தண்ணீரும் சுமந்தவர்கள் கிராமத்துப் பெண்கள். ஆயுதங்களை மறைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்கள்தான், ஏனென்றால் சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் ஆண்களைத் தடவிப் பார்த்த அளவுக்குப் பெண்களைப் பார்க்கவில்லை. பிரிட்டிஷ் படை ஒரு கிராமத்தைத் தண்டிக்க நினைத்தால் வீட்டுக்குள் புகுந்து மாவு, அரிசி, பருப்பு எல்லாவற்றையும் தரையில் கொட்டி, மேலே ஆலிவ் எண்ணெயை ஊற்றிக் கலந்துவிட்டுப் போகும். வருஷம் முழுக்கச் சேர்த்துவைத்த சாப்பாடு. அந்தத் தண்டனை யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டுமா? இந்தப் பெண்களின் பெயர்கள் மாநாட்டு அறிக்கைகளில் இல்லை. அவர்களில் நினைவில் நிற்கிற ஒரு பெயர் ஃபாத்திமா கஸ்ஸால். 1936இல் அஸ்ஸூன் அருகே நடந்த சண்டையில் கொல்லப்பட்டார்.

நகரத்திலும் சிறைக்குப் போனவர்கள் உண்டு. ஹைஃபாவில் அல் கர்மில் பத்திரிகையில் எழுதிவந்த சாதிஜ் நஸ்ஸாரை 1939இல் பிடித்து, விசாரணையே இல்லாமல் பெத்லகேம் பெண்கள் சிறையில் ஏறக்குறைய ஒரு வருடம் வைத்திருந்தார்கள்.

1948க்குப் பிறகு எல்லாம் சிதறிவிட்டதா?

சிதறியது நாடு. இஸ்ரேல் உருவான போரில் 7 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வீட்டைவிட்டு விரட்டப்பட்டார்கள் அல்லது தப்பி ஓடினார்கள். பாலஸ்தீனர்கள் அதை நக்பா, பேரழிவு என்று சொல்வார்கள். அந்த நிலையில் தீர்மானம் போடுவதற்கெல்லாம் இடம் எங்கே? பெண்கள் சங்கங்கள் கூடாரம், கஞ்சி, மருந்து, அனாதைக் குழந்தைகள் என்று இறங்கின.

ஹிந்த் அல் ஹுசைனியை இங்கே சொல்லியாக வேண்டும். 1948 ஏப்ரலில் தெய்ர் யாசீன் கிராமப் படுகொலையில் பெற்றோரை இழந்த 55 குழந்தைகள் ஜெருசலேமின் பழைய நகரத் தெருவில் விடப்பட்டிருந்ததைப் பார்த்தார். கூட்டிக்கொண்டு போனார். பிறகு தன் தாத்தாவின் மாளிகையையே அவர்களுக்கான இல்லமாக, பள்ளியாக மாற்றினார். தாருத் திஃப்ல் என்ற அந்த நிறுவனம் தலைமுறை தலைமுறையாகப் பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்தது.

இன்னொருவர் சமீஹா கலீல். மக்கள் உம் கலீல், கலீலின் அம்மா, என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்காகப் பள்ளியை நிறுத்தி, பிள்ளைகள் வளர்ந்த பிறகு பள்ளி இறுதித் தேர்வு எழுதியவர். 1965இல் அல் பீரெ ஊரில் ‘இன்ஆஷ் அல் உஸ்ரா’ என்ற சங்கத்தை ஆரம்பித்தார். தையல், பூத்தையல், சமையல் பொருள் தயாரிப்பு, எழுத்தறிவு வகுப்பு, சிறைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு உதவி என்று அது வளர்ந்தது. 1988இல் இஸ்ரேல் இராணுவம் அதைப் பூட்டியது. தையல் மெஷின்களில் என்ன ஆபத்தைக் கண்டார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் கணவன் சிறையில் இருக்கும்போது மனைவிக்குக் கையில் சொந்தக் காசு வருகிறது என்றால், அந்தக் குடும்பம் அடிபணிய வேண்டியதில்லை. அது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

அதே 1965இல்தான் பாலஸ்தீனப் பெண்களின் பொதுச் சங்கம், பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெண்கள் அமைப்பாக, ஜெருசலேமில் உருவானது. 1967 போரில் மேற்குக் கரையும் காஸாவும் இஸ்ரேலின் ஆக்கிரமிப்புக்குள் போயின. சங்கத்தின் தலைவர் நாப்லுஸைச் சேர்ந்த இஸ்ஸாம் அப்துல் ஹாதி 1969இல் கைதாகி ஜோர்டானுக்கு நாடு கடத்தப்பட்டார்.

பாலஸ்தீனப் பெண் போராளி என்றால் லைலா காலிதின் படம்தான் நினைவுக்கு வருகிறது. அவர்தான் முன்னோடியா?

இல்லை. 1969இல் விமானக் கடத்தலில் ஈடுபட்டதால் உலகம் அறிந்த முகமானார். கையில் துப்பாக்கியும் தலையில் கஃபியா என்ற கட்டம் போட்ட துணியுமாக அந்தப் படம் சுவரொட்டியாகிவிட்டது. சாதாரணப் பயணிகளின் உயிரைப் பணயம் வைத்த வழியை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதைத் தாண்டி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு: அந்த ஒரு படம், அதற்கு 40 வருடம் முன்னாலிருந்தே வேலை செய்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான பெண்களை மறைத்துவிடுகிறது.

சரி, உண்மையான மாற்றம் எப்போது வந்தது?

என் கணக்கில் 1978. மார்ச் 8ஆம் தேதி ரமல்லாவில் பெண்கள் பணிக்குழு ஆரம்பமானது. ஸஹீரா கமால் போன்ற இளம் பெண்கள். பல்கலைக்கழகம் பார்த்தவர்கள், இடதுசாரி எண்ணம் உள்ளவர்கள், ஆக்கிரமிப்புக்கு உள்ளேயே வளர்ந்தவர்கள். பழைய தர்ம சங்கங்களோடு அவர்களுக்கு ஒரு அடிப்படைச் சண்டை இருந்தது. மேலிருந்து கீழே கொடுப்பது உதவிதானே தவிர இயக்கம் ஆகாது என்றார்கள். கிராமத்துக்குப் போனார்கள், முகாமுக்குப் போனார்கள், தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களிடம் என்ன கூலி, எத்தனை மணி நேரம், குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருகிறீர்கள் என்று கேட்டார்கள். பதில் கேட்ட பிறகு குழந்தைகள் காப்பகம் திறந்தார்கள். காப்பகம் வந்ததும் எழுத்தறிவு வகுப்பு. வகுப்புக்கு வந்த பெண்தான் அப்புறம் கூட்டத்துக்கு வந்தார்.

சில வருடங்களில் இது நான்காகப் பிரிந்தது. ஒவ்வொரு அரசியல் கட்சிக்கும் ஒரு பெண்கள் குழு: ஜனநாயக முன்னணிக்கு ஒன்று, கம்யூனிஸ்டுகளுக்கு ஒன்று, மக்கள் முன்னணிக்கு ஒன்று, பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் அரஃபாத்தின் ஃபத்தாவுக்கு ஒன்று. பிளவு என்று வருத்தப்படலாம். ஆனால் ஒரே கிராமத்தில் போட்டி போட்டுக்கொண்டு காப்பகம் திறந்ததால், அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத இடங்களுக்கும் இயக்கம் போய்ச் சேர்ந்தது. ஸஹீரா கமால் 1980களில் பல வருடம் ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது என்ற இராணுவ உத்தரவின் கீழ் இருந்தார், வேலை நிற்கவில்லை.

முதல் இன்டிஃபாதாவில் பெண்கள் என்ன செய்தார்கள்?

எல்லாவற்றையும் செய்தார்கள் என்றால் மிகையில்லை. 1987 டிசம்பரில் காஸாவின் ஜபாலியா முகாமில் ஆக்கிரமிப்புக்கு எதிரான எழுச்சி வெடித்தது, அதைத்தான் இன்டிஃபாதா என்கிறார்கள். ஆண்களை ஆயிரக்கணக்கில் பிடித்து உள்ளே போட்டார்கள். ஊரை யார் நடத்துவது? பத்து வருடமாக ஊர் ஊராகப் போட்டுவைத்த அந்தக் குழுக்கள் தயாராக இருந்தன. தெருவுக்குத் தெரு மக்கள் கமிட்டிகள் வந்தன. பள்ளிகளை மாதக்கணக்கில் மூடியபோது வீடுகளிலும் மசூதிகளிலும் தேவாலயங்களிலும் வகுப்பு நடந்தது. இஸ்ரேலியப் பொருட்களைப் புறக்கணிக்க வேண்டும் என்றால் பதிலுக்கு ஏதாவது வேண்டுமே, அதற்காக வீட்டுக் கொல்லையில் காய்கறி போட்டார்கள், கோழி வளர்த்தார்கள், கூட்டுறவாகச் சேர்ந்து பிஸ்கட்டும் ஊறுகாயும் தயாரித்தார்கள். 1988 ஆகஸ்டில் இந்தக் கமிட்டிகள் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டன. பாடம் சொல்லிக்கொடுத்ததற்காகவும் ஒருவர் சிறைக்குப் போகலாம் என்ற நிலை.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற ஒரு காட்சி உண்டு. சிப்பாய்கள் ஒரு பையனைப் பிடித்தால், சுற்றி இருக்கிற பெண்கள் எல்லோரும் ஓடிவந்து “என் மகன், என் மகன்” என்று அவனைப் பிடித்து இழுப்பார்கள். ஒரு பையனுக்கு எத்தனை அம்மா என்று சிப்பாய் திகைப்பதற்குள் அவன் ஓடிவிடுவான்.

பாலஸ்தீனக் கொடியைக் காட்டினால் குற்றம். அதனால் பெண்கள் அதைத் தங்கள் உடையிலேயே தைத்துக்கொண்டார்கள். அங்கே பூத்தையலுக்குத் தத்ரீஸ் என்று பெயர், ஒரு காலத்தில் கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள வடிவத்தைப் பார்த்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடலாம். அந்த மரபான வடிவங்களுக்கு நடுவே கொடியின் நாலு நிறமும் நாட்டின் வரைபடமும் வந்து உட்கார்ந்தன. 2021இல் யுனெஸ்கோ தத்ரீஸைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்த உடைகளையும் நினைத்துத்தான் எனக்கு அந்தச் செய்தி சந்தோஷம் தந்தது.

இவ்வளவு செய்தவர்களுக்கு அவர்கள் சமூகம் என்ன திருப்பிக் கொடுத்தது?

கசப்பான கேள்வி. “முதலில் நாடு விடுதலை ஆகட்டும், பெண்கள் பிரச்சினையை அப்புறம் பார்க்கலாம்” என்பதுதான் அவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்த பதில். 1938இல் கிளர்ச்சிக்காரர்கள் நகரத்து ஆண்களை துருக்கித் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கஃபியா கட்டச் சொன்னார்கள், கூடவே பெண்களை முக்காடு போடச் சொல்லியும் நெருக்கினார்கள். 50 வருடம் கழித்து காஸாவில் அதே கதை. ஹிஜாப் போடாத பெண்கள்மேல் தெருவில் கல்லெறிந்தார்கள். தியாகிகளுக்குத் துக்கம் காட்டுவதற்காகத் தலையை மூடு என்று அதற்குத் தேசிய விளக்கம் வேறு. எழுச்சியை நடத்திய ஒருங்கிணைந்த தலைமை இதைக் கண்டித்து அறிக்கை விட்டது 1989 ஆகஸ்டில். அதற்குள் காஸாவில் தலையை மூடாமல் தெருவில் நடக்கும் பெண்ணைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. வேலைநிறுத்தத்துக்கு மறுநாளே துண்டறிக்கை வெளியிடத் தெரிந்த தலைமைக்கு, பெண்களுக்காக ஒரு அறிக்கை எழுத ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. இதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

ஓஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பிறகு நிலைமை தேறியதா?

1993இல் இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் போட்ட அந்த ஒப்பந்தம் பாலஸ்தீனர்களுக்கு ஓரளவு சுயாட்சி தந்தது. சிலது தேறியது. 1991 மாட்ரிட் மாநாட்டில் பாலஸ்தீனர்களின் குரலாக உலகம் கேட்டது ஹனான் அஷ்ராவியை. 1994இல் பெண்கள் உரிமை சாசனம் ஒன்றைத் தயாரித்தார்கள். புதிய பாலஸ்தீன அதிகாரசபை, பாஸ்போர்ட் வாங்க ஒரு பெண் ஆண் பாதுகாவலரின் சம்மதத்தைக் கொண்டுவர வேண்டும் என்றபோது பெண்கள் போராடி அதை நீக்கவைத்தார்கள். 1996 அதிபர் தேர்தலில் அரஃபாத்தை எதிர்த்து நின்ற ஒரே ஆள் யார் தெரியுமா? உம் கலீல்தான். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாக்கு வாங்கினார்.

ஆனால் அந்த வருடச் சட்டமன்றத்தில் 88 இடத்தில் பெண்கள் 5 பேர். இன்டிஃபாதாவின் தெருக்களை நடத்தியவர்களுக்குப் புதிய அலுவலகங்களில் கிடைத்த நாற்காலி அவ்வளவுதான். இட ஒதுக்கீட்டுக்காக விடாமல் போராடி, 2006இல் 132 பேரில் 17 பெண்கள் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு பக்கம் வெளிநாட்டு நிதி வந்தது, என்ஜிஓக்கள் முளைத்தன. இஸ்லாஹ் ஜாத் என்ற பாலஸ்தீன ஆய்வாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கிராமத்தில் காப்பகம் நடத்தியவர் நகரத்தில் திட்ட அறிக்கை எழுத உட்கார்ந்தார், உறுப்பினர்கள் ‘பயனாளிகள்’ ஆனார்கள், மூன்று வருடத் திட்டம் முடிந்ததும் வேலையும் முடிந்தது. எல்லா என்ஜிஓவையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். 1991இல் தொடங்கிய பெண்கள் சட்ட உதவி மற்றும் ஆலோசனை மையம் மாதிரியானவை அடிபட்டு வந்த பெண்களுக்குக் கதவு திறந்துவைத்த இடங்கள். ஆனாலும் மாதச் சம்பளத்தில் ஓடும் அலுவலகமும், தெருவில் பத்துப் பெண்கள் தாங்களே போட்ட கமிட்டியும் ஒன்றில்லை.

அங்கே பெண்களுக்கான சட்டம் எப்படி இருக்கிறது?

ஒட்டுப்போட்ட துணி மாதிரி. குடும்ப விஷயத்தில் மேற்குக் கரையில் 1976 ஜோர்டான் சட்டம், காஸாவில் 1954 எகிப்து காலச் சட்டம். குற்றவியலில் மேற்குக் கரைக்கு 1960 ஜோர்டான் சட்டம், காஸாவுக்கு 1936 பிரிட்டிஷ் சட்டம். ஆண்ட ஒவ்வொருவரும் தங்கள் சட்டத்தை விட்டுவிட்டுப் போனார்கள். கிழக்கு ஜெருசலேம் பெண்ணின் நிலை இன்னும் சிக்கல்.

1998இல் பெண்கள் அமைப்புகள் ‘மாதிரி நாடாளுமன்றம்’ ஒன்றை நடத்தி, சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து விவாதித்தன. பள்ளிவாசல்களில் அவர்களைத் திட்டினார்கள். ஆனால் விவாகரத்து, திருமண வயது, வாரிசுரிமை எல்லாம் முதல்முறையாக ஊர்ப் பேச்சானது. பிறகு மெதுவாகச் சில மாற்றங்கள் வந்தன. 2009இல் குலூத் அல் ஃபகீஹ் ஷரியா நீதிமன்ற நீதிபதியானார். பாலியல் வன்முறை செய்தவன் அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டால் தப்பிக்கலாம் என்ற விதி 2018இல் மேற்குக் கரையில் நீக்கப்பட்டது. 2019இல் திருமண வயது 18 ஆனது, விதிவிலக்குகளோடு. குடும்ப வன்முறைக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் மட்டும் வருடக்கணக்காக வரைவாகவே கிடக்கிறது. 2007க்குப் பிறகு சட்டமன்றம் கூடவே இல்லை, ஆணைகள் மூலம்தான் எல்லாம் நடக்கிறது. போராடுகிற பெண் யாரிடம் போய் மனு கொடுப்பார்?

ஹமாஸ் பக்கம் இருக்கும் பெண்களை இந்தக் கதையில் சேர்ப்பதா?

சேர்க்காமல் விட்டால் அது நேர்மையாக இருக்காது. 2006 தேர்தலில் ஹமாஸுக்காக வீடு வீடாகப் போனவர்கள் பெண்கள். அதன் பட்டியலில் சட்டமன்றத்துக்குப் போன பெண்களில் ஒருவர் ஜமீலா அல் ஷன்தி. அந்த நவம்பரில் பெய்த் ஹனூனில் மசூதிக்குள் மாட்டிக்கொண்ட ஆயுதக்காரர்களை மீட்க, பெண்களின் ஊர்வலம் ஒன்றை இராணுவத்தின் முன்னால் நடத்திப் போனார். சுட்டதில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். 2023 அக்டோபரில் அவரும் தாக்குதலில் கொல்லப்பட்டார். இவர்கள் தங்களைப் பெண்ணியவாதி என்று சொல்ல மாட்டார்கள். அவர்களின் அரசியலோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் படித்து, பொறுப்பு வகித்து, பொதுவெளியில் நின்ற பெண்கள் அவர்கள். அதே ஹமாஸ் ஆட்சியில் 2021இல், கல்யாணமாகாத பெண் பயணம் போக ஆண் பாதுகாவலரின் அனுமதி வேண்டும் என்று நீதித்துறைக் குழு உத்தரவு போட்டது. காஸாவின் பெண்கள் கூச்சல் போட்டுத்தான் அதைத் தளர்த்தவைத்தார்கள்.

2019 ‘தல்ஆத்’ என்றால் என்ன?

அரபியில் ‘வெளியே வருகிற பெண்கள்’ என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆகஸ்டில் பெய்த் ஸஹூரைச் சேர்ந்த 21 வயதுப் பெண் ஒருவர் குடும்பத்தாரின் அடியால் இறந்ததாகச் செய்தி பரவியது. செப்டம்பர் 26ஆம் தேதி ரமல்லா, ஹைஃபா, ஜெருசலேம், காஸா, பெய்ரூட், பெர்லின் என்று ஒரே நாளில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். சுவர், சோதனைச் சாவடி, வேறு வேறு பாஸ்போர்ட் என்று பிரித்துவைத்திருந்த பாலஸ்தீனர்கள் ஒரே முழக்கத்தைச் சொன்னார்கள்: “சுதந்திரமான பெண்கள் இல்லாமல் சுதந்திரமான தாயகம் இல்லை.”

இந்த முழக்கம் முக்கியம். 90 வருடமாக வரிசையில் பின்னால் நில் என்று சொல்லப்பட்டவர்கள், வரிசையே கிடையாது என்றார்கள். ஆக்கிரமிப்பின் வன்முறையும் வீட்டுக்குள் வன்முறையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, ஒன்றைத் தொடாமல் இன்னொன்றை எடுக்க முடியாது என்பது அவர்கள் வாதம். எதிர்வினையும் உடனே வந்தது. டிசம்பரில் ஹெப்ரானில் குலத் தலைவர்கள் கூடி, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையிலிருந்து விலக வேண்டும், பெண்கள் அமைப்புகளை மூட வேண்டும் என்றார்கள்.

இஸ்ரேலுக்குள் இருக்கும் பாலஸ்தீனப் பெண்கள்?

அவர்கள் கதை தனி நீளம். 1991இல் ஹைஃபாவில் தொடங்கிய அல் ஃபனார் குழு, ‘குடும்ப மானம்’ என்ற பெயரில் நடந்த கொலைகளை வெளிப்படையாக எதிர்த்தது. சமூகத்தை எதிரிமுன் காட்டிக்கொடுக்கிறீர்கள் என்ற வசையையும், அரபுப் பெண் செத்தால் கண்டுகொள்ளாத போலீஸையும் ஒரே சமயத்தில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போது என்ன நிலைமை?

2021 அக்டோபரில் இஸ்ரேல் ஆறு பாலஸ்தீன அமைப்புகளைப் பயங்கரவாத அமைப்புகள் என்றது. அதில் ஒன்று பாலஸ்தீனப் பெண்கள் குழுக்களின் சங்கம், 1980களின் அந்த நான்கு குழுக்களில் ஒன்றின் வாரிசு. முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் கலீதா ஜர்ரார் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போகிறார். 2021 ஜூலையில் அவர் மகள் இறந்தபோது அடக்கத்துக்குப் போகக்கூட அனுமதிக்கவில்லை. 2025 ஜனவரியில் கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்தார்.

2023 அக்டோபரில் தொடங்கிய போரில் காஸாவில் இறந்தவர்களில் தான் சரிபார்த்த அளவில் ஏறக்குறைய 70 சதவீதம் பெண்களும் குழந்தைகளும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2024 நவம்பரில் சொன்னது. இயக்கம், அமைப்பு, தீர்மானம் என்பதெல்லாம் அங்கே வேறு அர்த்தம் எடுத்துவிட்டன. பெரிய அண்டாவை வைத்துத் தெருவுக்கே சமைக்கிறவர்கள், கூடாரத்தில் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சிகள், கைபேசியில் செய்தி அனுப்புகிற இளம் பெண்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்கள் இடிந்தும் அகதிகள் தங்குமிடமாகியும் போன பிறகு, ஆசிரியைகள் கூடாரத்துக்குள் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறார்கள். அவர்களில் வயது கூடிய சிலர், 1988இல் யாரோ ஒரு அக்காவின் வீட்டு முன்னறையில், வெளியே ஜீப் சத்தம் கேட்டால் நோட்டை ஒளித்துவைக்கப் பழகிப் படித்தவர்களாக இருக்கலாம்.